என் விசுவாசம் உண்மையானதா? ஒரு வாரம் ஒதுக்கிச் சோதித்துப் பார்க்கும் முறை

1687-ல் ஜெர்மனியின் லூனெபர்க் என்ற ஊரில் 24 வயது இறையியல் மாணவர் ஒருவரைப் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே அவர் பெயர். லைப்சிக்கில் வேதத்தை மூலமொழியில் வாசிக்க நண்பர்களோடு சேர்ந்து ஒரு குழுவே நடத்தியவர். அவர் எடுத்தது யோவான் 20:31, "இயேசு தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து என்று நீங்கள் விசுவாசிக்கும்படியாகவும்" என்று வருமே, அந்த வசனம். தயார் செய்ய உட்கார்ந்தவருக்கு, சபைக்கு எடுத்துச் சொல்லப்போகிற இந்த விசுவாசம் முதலில் என்னிடம் இருக்கிறதா என்ற கேள்வி வந்துவிட்டது. யோசிக்க யோசிக்க இல்லை என்றுதான் தெரிந்தது, கடவுள் இருக்கிறாரா என்பதே சந்தேகமாகிவிட்டது, பிரசங்கமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டார். கடைசியில், இருக்கிறாரா என்று தெரியாத அந்தக் கடவுளிடமே முழங்காலில் நின்று, இருந்தால் எனக்கு இரங்கும் என்று கேட்டார். கையைத் திருப்புகிற நேரத்தில் சந்தேகமெல்லாம் போய்விட்டது என்று பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். சில நாளில் அதே வசனத்தில் பிரசங்கமும் செய்தார்.

இந்த ஃபிராங்கேதான் பின்னாளில் ஹாலே நகரத்தில் அநாதை இல்லமும் பள்ளிகளும் தொடங்கியவர். அங்கே அவரிடம் படித்த சீகன்பால்கு என்ற மிஷனரி 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் முயற்சியில் தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சானதற்குப் பின்னால், ஒரு வாலிபன் தன்னிடம் விசுவாசம் இல்லை என்று ஒத்துக்கொண்ட அந்த ராத்திரியும் இருக்கிறது. எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

நான் மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவன். ஓய்வுநாள் பள்ளிப் பரீட்சையில் பரிசு, 16 வயதில் திடப்படுத்தல், அப்புறம் பாடகர் குழு. யாராவது "ரட்சிக்கப்பட்டுட்டீங்களா பிரதர்?" என்று கேட்டால் "ஆமா பிரதர்" என்று சட்டென்று சொல்லிப் பழகியிருந்தேன். அந்தப் பதில் உண்மைதானா என்று உட்கார்ந்து பார்த்தது 30 வயதுக்கு மேல்தான். அதிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின ஒவ்வொரு லெந்து காலத்திலும் (தவக்காலத்திலும்) ஒரு வாரம் ஒதுக்கி இதைச் செய்கிறேன். செய்து செய்து எது உதவியது, எது வீணாகக் கலங்கடித்தது என்று கண்டதை வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன்

முதலில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் ஏற்கெனவே நாள் முழுக்க "நான் மன்னிக்க முடியாத பாவம் செய்துவிட்டேனோ" என்று திரும்பத் திரும்ப நினைத்துத் தூக்கம் கெட்டு, ஒரே பாவத்தை நூறு தடவை அறிக்கையிடுகிறவராக இருந்தால், தயவுசெய்து இந்தச் சோதனையை இப்போது செய்யாதீர்கள். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் மடத்தில் இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார், முடித்துவிட்டுப் போய் இன்னொன்று ஞாபகம் வந்து திரும்பி வருவார். அவருடைய ஆலோசகர் ஸ்டௌபிட்ஸ் அவரை இன்னும் ஆழமாகத் தோண்டச் சொல்லவில்லை, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்றார். உங்களுக்கும் வேண்டியது அதுதான். நம்பிக்கையான ஒரு போதகரிடம் பேசுங்கள், நிற்காமல் ஓடுகிற அந்த எண்ணங்களுக்கு மனநல மருத்துவரையும் பாருங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மற்றவர்களுக்கு வேண்டியது: ஒரு நோட்டு, ஒரு பேனா, தினமும் முக்கால் மணி நேரம், வேறு அறையில் வைத்த போன். நோட்டை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற உறுதி உங்களுக்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் நோட்டிலேயே சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடுவோம்.

முதல் நாள்: எதற்காக என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்

2 கொரிந்தியர் 13:5-ஐ வாசியுங்கள். "நீங்கள் விசுவாசமுள்ளவர்களோவென்று உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்." இதை அடுத்தவரை மிரட்டப் பயன்படுத்துகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் முன்னும் பின்னும் வாசித்தால் கதையே வேறு. பவுல் உண்மையான அப்போஸ்தலனா என்று கொரிந்து சபையார் அத்தாட்சி தேடிக்கொண்டிருந்தார்கள், அப்போது பவுல், என்னைச் சோதிக்கிறது இருக்கட்டும், உங்களைப் பாருங்கள் என்று திருப்பிவிடுகிறார். ஆக இந்த வாரம் முழுக்க ஒரே விதிதான்: நோட்டில் அடுத்தவர் குறையை எழுதக் கூடாது. என் கணவர், என் மருமகள், எங்கள் போதகர் ஐயர் என்று வாக்கியம் தொடங்கினால் அடித்துவிட்டு "நான்" என்று தொடங்குங்கள்.

அப்புறம் சங்கீதம் 139-ன் கடைசி இரண்டு வசனங்களை மெதுவாக ஜெபமாகச் சொல்லுங்கள். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." ஆராய்கிறவர் அவர். இருதயமே திருக்குள்ளது, அதாவது வஞ்சகமானது என்று எரேமியா சொல்கிறாரே, அந்தத் திருக்குள்ள இருதயத்தையே நீதிபதியாக உட்காரவைத்தால் என்ன தீர்ப்பு வரும்? ஒன்று தன்னை விடுதலை செய்துகொள்ளும், இல்லையென்றால் தேவையில்லாமல் தூக்கில் போட்டுக்கொள்ளும். முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் நாள்: எதெல்லாம் அத்தாட்சி ஆகாது என்று ஒதுக்குங்கள்

உங்கள் விசுவாசம் உண்மை என்று நீங்கள் நினைக்கக் காரணமானவற்றை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், குடும்பப் பாரம்பரியம், வருஷத்துக்கு ஒரு தடவை வேதாகமத்தை முடிப்பது, கன்வென்ஷனில் கண்ணீர் விட்டது, அந்நிய பாஷை, தசமபாகம், ஜெபித்துக் கிடைத்த வேலை, புதுவருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசனம் அப்படியே நிறைவேறியது. எழுதியாயிற்றா? இவை எல்லாம் நல்லவையாகவே இருக்கலாம், ஆனால் இவற்றில் ஒன்றுகூட தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. மத்தேயு 7-ல் "கர்த்தாவே! கர்த்தாவே!" என்று வந்து நிற்கிறவர்கள் தீர்க்கதரிசனம் சொன்னவர்கள், பிசாசுகளைத் துரத்தியவர்கள். நம்மில் பலருடைய பட்டியலைவிட அவர்கள் பட்டியல் பெரியது.

இதைப் பற்றி அதிகம் யோசித்த ஒருவர் அமெரிக்காவின் நார்தாம்ப்டன் ஊர்ப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ். 1734, 35-ல் அவர் சபையில் பெரிய எழுப்புதல் வந்தது, சில வருஷத்தில் அந்தச் சூடு எப்படித் தணிகிறது என்பதையும் கூடவே இருந்து பார்த்தார். 1746-ல் வெளியிட்ட நூலில், உணர்ச்சி பொங்குவது, உடம்பு நடுங்குவது, வேதவசனம் திடீரென்று மனதில் வந்து விழுவது, ஆராதனையில் நிறைய நேரம் செலவிடுவது இதெல்லாம் விசுவாசம் உண்மை என்றும் காட்டாது, பொய் என்றும் காட்டாது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பொய் என்றும் காட்டாது என்பதைக் கவனியுங்கள். கன்வென்ஷனில் அழுதீர்கள் என்பதற்காக அது போலியும் ஆகிவிடாது.

இதே நாளில் எதிர்ப்பக்கத்தையும் எழுதுங்கள். எனக்கு விசுவாசமே இல்லை என்று உங்களைப் பயமுறுத்துகிறவை எவை? ஜெபத்தில் மனம் வறண்டுகிடப்பது, கேள்விகள், "மனந்திரும்பிய தேதி" சொல்லத் தெரியாதது. இவையும் அத்தாட்சி ஆகாது. ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24-ல் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டமொன்றில் இருதயம் விசேஷமாய்க் கதகதப்பானதை எல்லாப் பிரசங்கங்களிலும் சொல்வார்கள். அடுத்த ஜனவரியில் அதே வெஸ்லி தன் நாட்குறிப்பில், நான் கிறிஸ்தவன் இல்லை என்று எழுதியதை யாரும் சொல்வதில்லை. அந்த வரியை முதலில் வாசித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள்: யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?

மற்ற எல்லா நாளும் இந்த நாளின்மேல்தான் நிற்கிறது. அந்த வெஸ்லியையே எடுத்துக்கொள்வோம். 1736 பிப்ரவரியில் அவர் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய்ச் சேர்ந்த புதிதில், ஸ்பாங்கன்பெர்க் என்ற மொராவிய சபை ஊழியர் அவரிடம், உமக்கு இயேசு கிறிஸ்துவைத் தெரியுமா என்று கேட்டார். வெஸ்லி கொஞ்சம் தயங்கி, அவர் உலக இரட்சகர் என்று தெரியும் என்றார். சரி, அவர் உம்மை இரட்சித்தார் என்று தெரியுமா என்று அடுத்த கேள்வி. எனக்காகவும் மரித்தார் என்று நம்புகிறேன் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். அவை வெறும் வார்த்தைகளாகத்தான் இருந்திருக்கும் என்று அவரே பிற்பாடு குறித்துவைத்தார்.

நோட்டில் இதற்கு ஒரு பக்கம் எழுதுங்கள்: இன்று ராத்திரி நான் இறந்துபோய் தேவனுக்கு முன்னால் நின்றால், எதை நம்பி நிற்பேன்? நிபந்தனை என்னவென்றால், கேட்டுப் பழகிய சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. இரட்சிப்பு, கிருபை, அபிஷேகம், இரத்தத்தால் கழுவப்பட்டேன் எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டில் இருக்கிற, சபைக்கே வராத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். முதல் தடவை நான் எழுதிய பக்கத்தில், நான் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை, ஞாயிறு தவறியதில்லை என்று பாதிப் பக்கம் என்னைப் பற்றியே இருந்தது, இயேசு என்ற பெயர் கடைசி வரியில்தான் வந்தது. லூக்கா 18-ல் தேவாலயத்துக்குப் போன பரிசேயனுடைய ஜெபம்தான் அது. உபவாசம் இரண்டு தரம், தசமபாகம் சரியாக, எல்லாம் இருந்தது, கேட்பதற்கு அவனுக்கு ஒன்றும் இருக்கவில்லை. வரி வசூலிக்கிற ஆயக்காரனோ "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

எழுதி முடித்த பிறகு, "நான்" என்று தொடங்கும் வாக்கியம் எத்தனை, "அவர்" என்று தொடங்குவது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணினால் தெரிந்துவிடும்.

நான்காம் நாள்: யாரும் பார்க்காத இடங்கள்

சபையில் ஜெபிக்கிற ஜெபத்துக்கும் வீட்டில் தனியாக ஜெபிக்கிறதற்கும் எவ்வளவு வித்தியாசம், போனில் ராத்திரி பதினொன்றுக்கு மேல் என்ன பார்க்கிறீர்கள், கொடுத்த காணிக்கையில் பெயர் சொல்லி வாசிக்கப்படாதது எவ்வளவு. மத்தேயு 6-ஐ முதல் 18 வசனம் வாசித்துவிட்டு இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் எழுதுங்கள். அந்தரங்கம் என்ற வார்த்தை அந்தப் பகுதியில் எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள்.

ஐந்தாம் நாள்: வீடும் பணமும்

எட்வர்ட்ஸ் அதே நூலில் உண்மையான விசுவாசத்துக்குச் சொன்ன அடையாளங்களில் கடைசியும் முக்கியமானதும், வாழ்க்கையில் நடந்துகாட்டுவதுதான். ஆகவே இன்று வங்கிப் பாஸ்புத்தகத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். யாருக்குக் கொடுக்க வேண்டியதை இழுத்தடிக்கிறேன்? வீட்டில் வேலைக்கு வருகிறவருக்கு என்ன சம்பளம், கடைசியாக எப்போது கூட்டிக் கொடுத்தேன்? பத்திரத்தில் என்ன விலை எழுதினேன், உண்மையில் என்ன விலை? மகனுக்குக் கல்யாணம் பேசும்போது "நாங்க எதுவும் கேக்கல, நீங்க உங்க பொண்ணுக்குச் செய்றத செய்ங்க" என்று சொன்னேனா? அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். சேகரக் கமிட்டித் தேர்தலில் தோற்றதிலிருந்து யாரோடு பேசுவதில்லை?

ஆயக்காரனான சகேயு எழுந்து நின்று சொன்னதைப் பாருங்கள், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். மனந்திரும்புதலைத் தொகையில் சொன்னவன் அவன். என் நோட்டில் இந்த நாளில் ஒரு பெயர் வந்தது, தாத்தா வீட்டைப் பிரித்தபோது பேப்பர் விவரம் தெரியாமல் ஏமாந்த என் சித்தப்பா மகன். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, நான் சொல்லவில்லை.

ஆறாம் நாள்: எல்லோரும் செய்வதால் பாவமாகத் தெரியாதது

எட்வர்ட்ஸைப் பற்றி இன்னொரு உண்மையும் சொல்லியாக வேண்டும். இருதயத்தை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த அந்த மனிதர் அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். தனியறையில் எத்தனை மணி நேரம் தன்னைச் சோதித்தாலும் அது அவருக்குப் பாவமாகப் படவில்லை, ஏனென்றால் அவரைச் சுற்றியிருந்த பெரிய மனிதர்களும் அதையேதான் செய்தார்கள். இதனால்தான் வெறும் தனிச் சோதனையை நான் நம்புவதில்லை.

நமக்கு அது சாதி. சுற்றிவளைத்துப் பேச வேண்டாம். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே, முழுமையாகக் கைவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டுப் போனார்கள். எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், கீர்த்தனைகள் பாடியவர்கள். கிட்டத்தட்ட 200 வருஷம் ஆகிவிட்டது. நம் சபைகளின் கல்யாண விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள், "ஜெபிக்கிற, பக்தியுள்ள மணமகள் தேவை" என்று எழுதி அதற்கு முன்னாலேயே சாதிப் பெயர் இருக்கும். தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பாட்டி கண்ணை மூடி ஊக்கமாக ஜெபிப்பார், அதில் நடிப்பே கிடையாது, என் சின்ன வயதில் நான் பார்த்த பெரிய பக்தை அவர்தான். அதே வீட்டின் பின்கட்டில், தொழுவ வேலைக்கு வருகிற அம்மாவுக்கு என்று தனி டம்ளர் சுவரில் கவிழ்த்து வைத்திருக்கும். அந்த அம்மாவும் எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் தனி டம்ளர். பாட்டிக்கு இது ஒருநாளும் உறுத்தியதாகத் தெரியவில்லை, எனக்கும் 20 வயதுவரை உறுத்தவில்லை. பாட்டியின் விசுவாசம் பொய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதைத் தேவன் பார்த்துக்கொள்வார். ஆனால் "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்ற 1 யோவான் 4:20 என் நோட்டில் வந்து நின்றபோது அந்த டம்ளர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

ஆகவே இன்று தனியாக உட்காராதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்கிற ஒருவர், உங்கள் சாதியைச் சேராத ஒரு சபையார், அல்லது வீட்டில் உங்களுக்குப் பயப்படுகிற ஒருவர், இவர்களில் ஒருவரிடம் போய், "என்கிட்ட விசுவாசத்துக்குப் பொருந்தாம எது இருக்குன்னு நீங்க பாக்கறீங்க? நான் கோபப்பட மாட்டேன்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு விளக்கம் கொடுக்கக் கூடாது. "இல்ல, அது என்னன்னா..." என்று வாய் எடுத்தால் நிறுத்திவிடுங்கள். நன்றி சொல்லிவிட்டு வந்து எழுதிவையுங்கள். அவர் பயந்துபோய் "ஒண்ணும் இல்லீங்க" என்று சொன்னால், அந்தப் பயமும் நோட்டில் எழுத வேண்டிய விஷயம்தான்.

ஏழாம் நாள்: கண்டதை என்ன செய்வது

ஆறு நாள் எழுதியதை ஒரே மூச்சில் வாசியுங்கள். துக்கம் வரும், வரட்டும். ஆனால் எந்த மாதிரித் துக்கம் என்று பாருங்கள். யூதாசும் மனஸ்தாபப்பட்டான், பேதுருவும் மனங்கசந்து அழுதான், இருவருமே ஆண்டவரைக் கைவிட்டவர்கள்தான். யூதாஸ் வெள்ளிக்காசைக் கொண்டுபோய் ஆசாரியரிடம் கொடுத்தான், "எங்களுக்கென்ன" என்று அவர்கள் கைவிரித்ததும் போய் நான்றுகொண்டான். பேதுரு பிற்பாடு கரையில் இயேசு நிற்கிறார் என்று கேட்டவுடனே கடலில் குதித்து அவரிடம் போனான். உங்கள் துக்கம் உங்களைக் கிறிஸ்துவிடமிருந்து ஓடவைத்தால் அதை நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும் பார்த்தபிறகு, எனக்கு விசுவாசமே இருந்ததில்லை, பழக்கம்தான் இருந்தது என்று தெரிந்தால்? அது இந்த வாரத்தில் உங்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி. ஃபிராங்கே அந்த இடத்தில்தான் முழங்காலில் நின்றார். அப்படியே, அலங்காரமில்லாமல் கேளுங்கள். அதற்குக் கன்வென்ஷன் மேடைக்கு முன்னால் போக வேண்டியதில்லை, பாயிலேயே கேட்கலாம். விசுவாசம் இருக்கிறது, ஆனால் இவ்வளவு ஓட்டை என்று தெரிந்தால், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத அந்தத் தகப்பனை நினைத்துக்கொள்ளுங்கள். இயேசு அவனிடம், போய் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று சொல்லவில்லை, அவன் பிள்ளையைக் குணமாக்கினார். நம் இருதயமே நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும் "தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்று யோவான் எழுதியதை ஒரு நாளைக்கு நாலு தடவை வாசித்தாலும் தகும்.

அப்புறம் இதைத் தினமும் செய்யாதீர்கள். செடியை நட்டுவிட்டு வேர் பிடித்ததா என்று தினம் பிடுங்கிப் பார்த்தால் என்ன ஆகும்? வருஷத்துக்கு ஒரு வாரம், திருவிருந்துக்கு முந்தின ராத்திரி கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

கடைசியாக, நோட்டில் வந்த பெயர்களை மட்டும் ஒரு சின்னத் தாளில் தனியாக எழுதுங்கள்: பணம் கொடுக்க வேண்டியவர், மன்னிப்புக் கேட்க வேண்டியவர், பேச்சுவார்த்தை விட்டுப்போனவர். அந்தத் தாளை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு நோட்டைக் கிழித்துப் போடுங்கள், அறிக்கையிட்டு மன்னிக்கப்பட்டதை எடுத்து எடுத்து வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இருக்கிறது, ஆகவே அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன்னால் ஒரு பெயரையாவது போய்ப் பாருங்கள், போனில் வேண்டாம், நேரில். முடிந்ததும் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். தொழுவத்து அம்மா இப்போது இல்லை, அவர் மகளைப் போய்ப் பார்த்தேன், அந்தப் பெயரை அடித்தாயிற்று. சித்தப்பா மகன் பெயர் இன்னும் தாளில் இருக்கிறது. அவன் மதுரையில் இருக்கிறான், பெரிய வியாழனுக்கு முன்னால் போவதாக டிக்கெட் போட்டிருக்கிறேன், அவன் பங்குக்கு வர வேண்டிய தொகையையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.